மூன்றாவது சொட்டு



போன மாதம் லூமுட்டில் நம் கிளைக் கூட்டம் முடிந்து எல்லாரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு சின்ன விளையாட்டு வைத்தேன். "ராசி, நட்சத்திரம் தெரிஞ்சவங்க கை தூக்குங்க" என்றேன். ஏறக்குறைய எல்லார் கையும் மேலே போனது. "சரி, ரத்தப் பிரிவு தெரிஞ்சவங்க?" என்றேன். ஐந்து கைகள்தான். அந்த ஐந்திலும் இரண்டு பேர், "ஓ-ன்னு நினைக்கிறேன் அண்ணே" என்று இழுத்தார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. 21 வயது வரைக்கும் எனக்கும் என் பிரிவு தெரியாது. தெரிந்துகொண்ட அன்றைக்கு என் ரத்தத்தோடு எங்கள் பாட்டியின் கதையும் சேர்ந்தே தெரியவந்தது. அதனால்தான் இந்த மாதப் பாடத்துக்கு இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

ஆய்வக மேசையில்

நான் படிப்பது இயந்திரப் பொறியியல். மருத்துவக் கருவிகள் பற்றிய ஒரு பாடத்தை விருப்பப் பாடமாக எடுத்திருந்தேன். அதில் ஒரு நாள் எங்களை உயிரியல் ஆய்வகத்துக்கு அழைத்துப் போனார்கள். விருப்பப்பட்டவர்கள் மட்டும், கையெழுத்துப் போட்டுவிட்டு, தங்கள் ரத்தப் பிரிவைத் தாங்களே கண்டுபிடிக்கலாம் என்றார் விரிவுரையாளர்.

செய்முறை ரொம்ப எளிது. ஒரு வெள்ளைத் தட்டு. அதில் மூன்று குழிகள். முதல் குழியில் ஆன்டி-ஏ மருந்து ஒரு சொட்டு. அது நீல நிறம். இரண்டாவதில் ஆன்டி-பி, மஞ்சள் நிறம். மூன்றாவதில் ஆன்டி-டி, அதற்கு நிறம் இல்லை. விரல் நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காய்ந்த பிறகு லேன்செட் ஊசியால் ஒரு குத்து. மூன்று குழியிலும் ஒவ்வொரு சொட்டு ரத்தம். ஒவ்வொன்றையும் தனித்தனிக் குச்சியால் கலக்கி, தட்டை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்து ஆட்ட வேண்டும். இரண்டு நிமிடத்துக்குள் பதில் வந்துவிடும். ரத்தம் திரிந்த பால் மாதிரி திப்பித் திப்பியாகப் பிரிந்தால் 'ஆம்'. வழவழவென்று ஒரே சீராக இருந்தால் 'இல்லை'.

எங்கள் மேசையில் நாலு பேர். ஒரு மலாய் நண்பர், ஒரு சீனத் தோழி, கூச்சிங்கிலிருந்து வந்த இபான் நண்பர், நான். முதலில் செய்தவர் மலாய் நண்பர். மூன்று குழியும் திரிந்தது. "ஏபி பாசிட்டிவ்!" என்று எல்லாரும் கத்தினோம். விரிவுரையாளர் வந்து பார்த்தார். "எத்தனை குச்சி பயன்படுத்தின?" என்று கேட்டார். ஒரே குச்சிதான்! ஆன்டி-ஏ மருந்து குச்சியோடு ஒட்டிக்கொண்டு பக்கத்துக் குழிக்கும் போய்விட்டது. புதுத் தட்டில் திரும்பச் செய்தபோது அவர் வெறும் ஏ பாசிட்டிவ். ஒரு குச்சியை மிச்சம் பிடித்ததில் ஒரு மனிதனின் ரத்தப் பிரிவே மாறிவிட்டது.

கடைசியாக நான். நீலக் குழி சீராக இருந்தது. மஞ்சள் குழி உடனே திரிந்தது. அப்படியென்றால் பி. மூன்றாவது குழியைப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. மற்ற மூன்று பேருக்கும் அந்தக் குழி திரிந்திருந்தது. நான் மருந்து போட மறந்திருப்பேன் என்று நினைத்துத் திரும்பவும் செய்தேன். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. மருந்து கெட்டுப்போயிருக்குமோ என்று சந்தேகம். விரிவுரையாளர், பிரிவு ஏற்கெனவே தெரிந்த ஒரு பாசிட்டிவ் மாதிரியை எடுத்து அதே மருந்தோடு கலந்து காட்டினார். அது அழகாகத் திரிந்தது. மருந்து நன்றாகத்தான் இருக்கிறது.

"நீ பி நெகட்டிவ் மாதிரி தெரியுது. ஆனா இது வகுப்புப் பரிசோதனை. ஆஸ்பத்திரியில உறுதிப்படுத்திக்கோ" என்றார்.

அந்த மூன்று சொட்டு என்ன சொல்கிறது?

1900-ஆம் ஆண்டுவாக்கில் வியன்னா நகரத்தில் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் என்ற மருத்துவ ஆய்வாளர் ஒரு கேள்வியோடு உட்கார்ந்தார். ஒருவருடைய ரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றினால் சிலர் பிழைக்கிறார்கள், சிலர் இறந்துபோகிறார்கள். ஏன்? தன் ரத்தத்தையும் கூட வேலை செய்தவர்களின் ரத்தத்தையும் எடுத்தார். சிவப்பணுக்களைத் தனியாக, தெளிந்த நீர்ப்பகுதியான சீரத்தைத் தனியாகப் பிரித்தார். ஒருவருடைய சீரத்தோடு இன்னொருவருடைய அணுக்களைக் கலந்து பார்த்தார். சில ஜோடிகள் சேர்ந்தன. சில ஜோடிகள் திரிந்தன. 1901-இல் அந்த முடிவை வெளியிட்டார். மனித ரத்தம் ஒன்றல்ல, அதில் பிரிவுகள் உண்டு என்று உலகம் தெரிந்துகொண்டது அப்போதுதான். அவர் கண்டது மூன்று பிரிவு. நான்காவதான ஏபி பிரிவை அடுத்த ஆண்டே அவருடைய தோழர்கள் கண்டுபிடித்தார்கள். 1930-இல் லாண்ட்ஸ்டெய்னருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த நாளான ஜூன் 14-ஐத்தான் இன்று உலக ரத்த தானம் செய்வோர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

நம் சிவப்பணுவின் மேற்பரப்பில் சில அடையாளங்கள் இருக்கின்றன. கோயிலில் தொண்டர்கள் மாட்டும் அட்டை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். 'ஏ' அட்டை மாட்டியிருந்தால் ஏ பிரிவு, 'பி' மாட்டியிருந்தால் பி, இரண்டும் இருந்தால் ஏபி, இரண்டும் இல்லாவிட்டால் ஓ. நம் உடம்பு, தன்னிடம் இல்லாத அட்டையை எதிரியாக நினைக்கும். ஏ பிரிவுக்காரரின் சீரத்தில் பி-க்கு எதிரான காவலாளி இருப்பார். பி பிரிவுக்காரருக்கு ஏ-க்கு எதிரானவர். ஓ பிரிவுக்கு இரண்டு பேரும் உண்டு. ஏபி-க்கு ஒருவரும் இல்லை. தவறான ரத்தம் உள்ளே வந்தால் இந்தக் காவலாளிகள் அந்த அணுக்களைப் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டவைப்பார்கள், உடைப்பார்கள். தட்டில் நாம் பார்த்த திரிதல் உடம்புக்குள் நடந்தால் சிறுநீரகம் பழுதாகும், உயிரே போகலாம்.

மூன்றாவது சொட்டு 'டி' என்ற அட்டைக்கானது. ஆர்எச் காரணி என்று சொல்வது இதைத்தான். 1940-இல் லாண்ட்ஸ்டெய்னரும் அலெக்சாண்டர் வீனரும் ரீசஸ் குரங்கின் ரத்தத்தை வைத்துச் செய்த ஆய்விலிருந்து இந்தப் பெயர் வந்தது. டி இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ்.

எங்களைப் போல் பொறியியல் படிப்பவர்களுக்கு இது மூன்று சுவிட்ச் கணக்கு. ஒவ்வொரு சுவிட்சுக்கும் இரண்டு நிலை. இரண்டு, இரண்டு, இரண்டைப் பெருக்கினால் எட்டு. ஏ, பி, ஏபி, ஓ என்ற நான்கும், ஒவ்வொன்றிலும் பாசிட்டிவ், நெகட்டிவ்வும் சேர்ந்து எட்டுப் பிரிவு. மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை.

ஆனால் மூன்று சுவிட்சோடு கதை முடியவில்லை. 1952-இல் பம்பாயில் மருத்துவர் பெண்டேயும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். சிலருடைய ரத்தம் பரிசோதனையில் ஓ மாதிரியே தெரிந்தது. ஆனால் ஓ ரத்தத்தோடும் சேரவில்லை. ஏ, பி அட்டைகளை மாட்டுவதற்கு அடியில் 'எச்' என்ற ஒரு கொக்கி வேண்டும். சாதாரண ஓ பிரிவினருக்கு அந்தக் கொக்கியாவது இருக்கும். இவர்களுக்குக் கொக்கியே இல்லை. இதற்குத்தான் பம்பாய் ரத்தப் பிரிவு என்று பெயர். இந்தியாவில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்கிறார்கள். இவர்களுக்கு இன்னொரு பம்பாய் பிரிவுக்காரர் மட்டும்தான் ரத்தம் கொடுக்க முடியும். எங்கள் வகுப்புத் தட்டில் இப்படி ஒருவர் வந்திருந்தால் நாங்கள் தைரியமாக 'ஓ' என்று எழுதியிருப்போம். ஆஸ்பத்திரியில் அணுவையும் சீரத்தையும் இரண்டு பக்கமும் சோதித்து, ஏற்றுவதற்கு முன்னால் கொடுப்பவர் ரத்தத்தையும் வாங்குபவர் ரத்தத்தையும் கலந்து பார்ப்பது இதற்காகத்தான். வகுப்பறை முடிவை நம்பி யாரும் ரத்தம் ஏற்றக்கூடாது.

அலமாரியில் இருந்த கோப்பு

அந்த வாரக் கடைசியில் லூமுட்டுக்கு வந்தேன். சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன். அம்மா ஓ பாசிட்டிவ், அப்பா பி பாசிட்டிவ். "ரெண்டு பேரும் பாசிட்டிவ், நீ மட்டும் எப்படிடா நெகட்டிவ்?" என்று அண்ணன் கிண்டல் செய்தான்.

இதை ஒரு பாடமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியால் சில வீடுகளில் வேண்டாத சந்தேகம் வருகிறது. டி விஷயத்தில் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு மரபணுக்கள் வருகின்றன. ஒன்றில் டி இருந்தாலே பாசிட்டிவ் என்று காட்டும். டி இல்லாத மரபணு அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அம்மா, அப்பா இரண்டு பேரும் இப்படி ஒன்றை ஒளித்து வைத்திருந்தால், ஒவ்வொரு பிள்ளையும் நெகட்டிவ்வாகப் பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. பாசிட்டிவ் பெற்றோருக்கு நெகட்டிவ் பிள்ளை பிறப்பது சாதாரணம். யாரையும் சந்தேகப்பட அதில் ஒன்றுமில்லை.

"உங்க பாட்டிக்கும் இப்படித்தான் என்னமோ சொன்னாங்க" என்று அம்மா எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கோப்பை எடுத்து வந்தார். சில வருடங்களுக்கு முன் பாட்டி குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து அறுவை சிகிச்சை செய்தபோது கொடுத்த தாள்கள். அதில் இருந்தது: பி நெகட்டிவ். டி இல்லாத மரபணு எனக்கு எந்த வழியாக வந்தது என்று தெரிந்துவிட்டது. ஒரு பாதி பாட்டி, அப்பா வழி.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. சின்ன வயதிலிருந்தே கேட்ட கதை. ஆயர் தாவார் பக்கம் ஒரு எஸ்டேட்டில் தாத்தாவும் பாட்டியும் பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். 1967-இல் அப்பா பிறந்தார். நல்ல பிள்ளை. அதற்குப் பிறகு இரண்டு பிள்ளைகள். ஒன்று 1969-இல், ஒன்று 1971-இல். இரண்டும் பிறந்த மறுநாளே மஞ்சள் பூசின மாதிரி ஆகி, ஒரு வாரத்துக்குள் போய்விட்டன. லயத்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். காமாலை தட்டிவிட்டது என்றார்கள். தோஷம் என்றார்கள். பச்சை உடம்புக்காரி கண்டதையும் தின்றாள் என்றார்கள். கடைசியில் எல்லாம் சேர்ந்து ஒரே பேச்சாக நின்றது: அவ ராசி இல்லாதவ. பக்கத்து லயத்து வளைகாப்புக்கு யாரும் பாட்டியை முன்னால் கூப்பிடமாட்டார்களாம். கூப்பிட்டாலும் பாட்டி போகமாட்டாராம். இப்போதும் சொந்தத்தில் யாருக்காவது வளைகாப்பு என்றால் பாட்டி சமையல் பக்கமே நின்றுவிடுவார். வளையல் போட வரமாட்டார்.

முதல் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, அடுத்த இரண்டுக்கும் மஞ்சள். இந்த வரிசையை நான் அந்த வாரம்தான் பாடக்குறிப்பில் படித்திருந்தேன்.

அம்மா நெகட்டிவ், பிள்ளை பாசிட்டிவ்

ஏ, பி-க்கு எதிரான காவலாளிகள் நம் ரத்தத்தில் தானாகவே இருப்பார்கள். டி-க்கு எதிரானவர் அப்படி இல்லை. நெகட்டிவ் உடம்பு டி-யை ஒரு தடவை பார்த்த பிறகுதான் அவரை உருவாக்கும். நெகட்டிவ் தாயின் வயிற்றில் பாசிட்டிவ் பிள்ளை இருந்தால், பெரும்பாலும் பிரசவ நேரத்தில் பிள்ளையின் ரத்தம் கொஞ்சம் தாயின் ரத்தத்தோடு கலக்கும். தாயின் உடம்பு அப்போது டி-யைக் கண்டு பாடம் படித்துக்கொள்ளும். அதற்குள் முதல் பிள்ளை வெளியே வந்துவிட்டது, அதனால் தப்பித்துவிடும். அடுத்த பாசிட்டிவ் பிள்ளை வயிற்றில் வளரும்போது, அந்தக் காவலாளிகள் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய்ப் பிள்ளையின் சிவப்பணுக்களை உடைப்பார்கள். அணு உடைந்தால் மஞ்சள் நிறப் பொருள் சேரும். பிள்ளைக்குச் சோகையும் கடுமையான மஞ்சள் காமாலையும் வரும். அது மூளைக்கு ஏறினால் காப்பாற்றுவது கஷ்டம்.

இதற்கு வழி உண்டு. ஆன்டி-டி ஊசி. தாயின் உடம்பு டி-யைக் கண்டு பாடம் படிப்பதற்கு முன்பே, உள்ளே வந்த பிள்ளையின் அணுக்களை இந்த ஊசி துடைத்துவிடும். வழக்கமாகக் கர்ப்பத்தின் 28-ஆவது வாரவாக்கிலும், பாசிட்டிவ் பிள்ளை பிறந்தால் 72 மணி நேரத்துக்குள்ளும் போடுகிறார்கள். கரு கலைந்தாலும் டாக்டர் இதை யோசிப்பார். இந்த மருந்து 1968-இல்தான் வெளிநாட்டில் விற்பனைக்கு வந்தது. பாட்டியின் இரண்டாவது பிள்ளை பிறந்தது அதற்கு அடுத்த வருடம். உலகத்தில் மருந்து வந்துவிட்டது. எங்கள் பாட்டியின் லயத்துக்கு வந்து சேரவில்லை.

அந்த மருந்து எதிலிருந்து வருகிறது தெரியுமா? மனித ரத்தத்திலிருந்துதான். டி-க்கு எதிரான காவலாளிகள் நிறைய உள்ளவர்களின் பிளாஸ்மாவிலிருந்து எடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்பவர் இருந்தார். 14 வயதில் பெரிய அறுவை சிகிச்சையில் மற்றவர்களின் ரத்தத்தால் பிழைத்தவர். 18 வயதானதும் தானும் கொடுக்க ஆரம்பித்தார். அவருடைய ரத்தத்தில் இந்தக் காவலாளிகள் அபூர்வமான அளவில் இருப்பது பிறகு தெரியவந்தது. 81 வயது வரைக்கும் 1,173 தடவை கொடுத்தார். 2025 பிப்ரவரியில் மறைந்தார். முகம் தெரியாத எத்தனையோ பிள்ளைகள் அவரால் பிழைத்தார்கள்.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். பாட்டியின் பிள்ளைகளுக்கு அப்போது யாரும் ரத்தம் எடுத்துச் சோதிக்கவில்லை. பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் வர வேறு காரணங்களும் உண்டு. ஜி6பிடி குறைபாடு ஒன்று. அது உள்ள பிள்ளையின் துணிக்கு நடுவே பாச்சை உருண்டை வைத்தால்கூட ஆபத்து. அதனால்தான் நம் நாட்டில் பிறக்கும் பிள்ளைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்திலேயே அதைச் சோதிக்கிறார்கள். ஆகவே பாட்டியின் பிள்ளைகள் இதனால்தான் இறந்தார்கள் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பாட்டி நெகட்டிவ் என்பது உறுதி. முதல் பிள்ளை தப்பியதும் அடுத்த இரண்டு போனதும் அந்த வரிசைக்குச் சரியாகப் பொருந்துகிறது. ராசி என்று சொன்னவர்களிடம் இந்த அளவு ஆதாரம்கூட இல்லை.

நமக்கு இது ஏன் அதிகம் முக்கியம்?

மலாய்க்காரர், சீனர்களிடையே ஆர்எச் நெகட்டிவ் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. இந்திய வம்சாவளியினரிடையே நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பேர். எங்கள் மேசையில் என்னுடைய மூன்றாவது குழி மட்டும் திரியாமல் இருந்தது தற்செயல்தான். ஆனாலும் முழுத் தற்செயல் என்று சொல்லிவிட முடியாது. இந்த நாட்டில் நாம் சிறுபான்மை. ஆனால் நெகட்டிவ் ரத்தம் தேவைப்படுபவர்களிலும், அதைக் கொடுக்கக்கூடியவர்களிலும் நம் பங்கு நம் எண்ணிக்கையைவிடப் பெரியது. மூன்று பேர் மோட்டார் சைக்கிளில் போய் விழுந்து, அதில் ஒருவன் பி நெகட்டிவ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனையில் கையிருப்பு இல்லையென்றால் வேறு ஊரிலிருந்து வர வேண்டும். இங்கிருந்து ஈப்போ சுமார் 85 கிலோமீட்டர். ரத்தத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளவும் முடியாது. சிவப்பணுக்கள் குளிர்பெட்டியில் 42 நாள் வரைக்கும்தான் தாங்கும். பிளேட்லெட் ஐந்து நாள்தான். ஒவ்வொரு மாதமும் யாராவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சமய வகுப்பில் கண்ணப்ப நாயனார் கதை கேட்டிருப்போம். சிவலிங்கத்தின் கண்ணில் ரத்தம் வழிந்தபோது அவர் அழுதுகொண்டு நிற்கவில்லை. முதலில் பச்சிலை தேடிக் கொண்டுவந்து பிழிந்தார். அது பலிக்காதபோதுதான் தன் கண்ணையே எடுத்து அப்பினார். நான் அதில் கற்றுக்கொள்வது இரண்டு. ஒன்று, அன்பு இருந்தால் கையில் இருப்பதைக் கொடுக்க யோசிக்க மாட்டோம். இரண்டு, எதற்கு எது மருந்து என்று தேடிப் பார்க்க வேண்டும். ரத்தத்துக்கு ரத்தம்தான் மருந்து. இன்றுவரைக்கும் அதைச் செய்யும் தொழிற்சாலை எதையும் எங்கள் பொறியியல் துறை கட்டவில்லை.

ரத்தப் பையில் பிரிவு, தேதி, எண் எல்லாம் எழுதியிருக்கும். கொடுத்தவன் எந்தச் சாதி, எந்த எஸ்டேட், என்ன இனம் என்று எழுதியிருக்காது. என் பி நெகட்டிவ் ரத்தம் பேராக்கில் எந்த வீட்டுக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

திருமணப் பொருத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. நாடிப் பொருத்தம் பார்த்தாலே ரத்தப் பொருத்தம் பார்த்த மாதிரி என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி இல்லை. நாடி நட்சத்திரத்தை வைத்துக் கணிப்பது. நட்சத்திரத்துக்கும் டி-க்கும் சம்பந்தம் கிடையாது. ஜாதகம் பார்ப்பவர்கள் பார்க்கட்டும், கூடவே ரத்தப் பிரிவையும் தெரிந்துகொள்ளட்டும். ஆனால் பெண் நெகட்டிவ் என்று தெரிந்து சம்பந்தம் வேண்டாம் என்று யாராவது சொன்னால், அது பழைய 'ராசி இல்லாதவ' பேச்சேதான், புதுப் பெயரில் வருகிறது. நெகட்டிவ் என்பது நோயல்ல. கர்ப்பமானதும் கிளினிக்கில் பதிந்து பிங்க் புத்தகம் வாங்கும்போதே ரத்தப் பிரிவு பார்ப்பார்கள். நேரத்தோடு போக வேண்டும், ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

நாம் செய்யக்கூடியது

முதலாவது, உங்கள் பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். கிளினிக்கில் கேட்கலாம். ரத்த தானம் செய்தால் அவர்களே சோதித்துப் புத்தகத்தில் எழுதித் தருவார்கள். நான் அப்படித்தான் உறுதிப்படுத்திக்கொண்டேன், பி நெகட்டிவ்தான். எழுதி பர்ஸில் வையுங்கள், கைப்பேசியில் அவசரத் தகவலில் போடுங்கள், வீட்டில் ஒருவருக்காவது சொல்லுங்கள்.

இரண்டாவது, இணையத்தில் மருந்தும் ஊசியும் வாங்கி வீட்டில் கூட்டாளிகளோடு குத்திப் பார்க்க வேண்டாம். ஒரு லேன்செட் ஒருவருக்கு ஒரு தடவைதான். ஊசி பகிர்ந்தால் ஹெப்படைட்டிஸ் பி-யும் எச்ஐவி-யும் பகிர்ந்துகொள்ள வாய்ப்புண்டு. தட்டை ரொம்ப நேரம் விட்டால் காய்ந்த ரத்தமும் திரிந்த மாதிரியே தெரியும். எங்கள் மேசையில் விரிவுரையாளர் நின்றிருந்தும் ஒரு குச்சியில் தவறு நடந்ததை மறக்காதீர்கள்.

மூன்றாவது, 18 வயது ஆனவர்கள், 45 கிலோவுக்கு மேல் எடை உள்ளவர்கள், உடம்பு நன்றாக இருந்தால் கொடுக்கலாம். 17 வயதுக்காரர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். எடுப்பது 350 அல்லது 450 மில்லிலிட்டர். முதல் நாள் நன்றாகத் தூங்குங்கள். விரதத்தோடு போகாதீர்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அங்கே கேட்கும் கேள்விகளுக்கு உண்மையைச் சொல்லுங்கள். பச்சை குத்தியதையோ மருந்து சாப்பிடுவதையோ மறைத்துவிட்டுக் கொடுப்பது தானம் ஆகாது.

நான்காவது, கிளைக்குக் கிளை ஒரு பட்டியல் வைத்திருப்போம், குறிப்பாக நெகட்டிவ் உள்ளவர்கள். அவரவர் சம்மதத்தோடு மட்டும். அதை வாட்ஸ்அப்பில் சுற்ற விடாமல் கிளைச் செயலாளரிடம் மட்டும் இருக்கட்டும்.

பாட்டியிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இரண்டு நாள் ஓடவில்லை. சீரம், ஆன்டிபாடி என்றால் அவருக்குப் புரியாது. கடைசியில் சமையலறையில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். "பாட்டி, உங்க ரத்தமும் பிள்ளைங்க ரத்தமும் சேராத ரத்தமா இருந்திருக்கணும். எனக்கும் உங்க ரத்தம்தான். அப்பல்லாம் பார்த்திருந்தா ஒரு ஊசியில போயிருக்கும். நீங்க சாப்பிட்டதுனாலயும் இல்ல, உங்க ராசியினாலயும் இல்ல."

பாட்டி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"ரெண்டும் பொட்டப் புள்ளைங்கப்பா" என்றார். "பேருகூட வைக்கல."

பிறகு மறுபடியும் கீரையை எடுத்தார்.

வரும் தை மாதம் என் அத்தை மகளுக்கு வளைகாப்பு. அவளுக்கும் நெகட்டிவ்தான், 28-ஆவது வார ஊசியை எப்போது போடுவது என்று டாக்டர் தேதி கொடுத்துவிட்டார். முதல் வளையலைப் பாட்டிதான் போட வேண்டும் என்று அவளே வந்து கேட்டாள். பாட்டி இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் போன வாரம் அம்மாவிடம், எந்தச் சேலை கட்டலாம் என்று கேட்டாராம்.